பரோட்டா மாஸ்டர் விரல் வைத்த பால்

குமணன்சாவடியில் வஹீதுன்னிசா தயிர் விற்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. காய்ச்சிய பாலில் சுண்டுவிரலை விடுவார். சுடாமல் இதமாக இருந்தால் உறை ஊற்றுவார். ஊற்றிய பிறகு அண்டாவை யாராவது நகர்த்தினால் அன்று முழுக்கத் திட்டுதான்.

தங்கை மகள் உஸ்மாவுக்கு மறுநாள் பாரிவாக்கத்தில் நிக்காஹ். "பச்சடிக்குப் பெரிம்மா தயிர்தான்" என்று உஸ்மா முன்பே சொல்லிவிட்டாள். இருபது லிட்டர் பால் காய்ச்சியாயிற்று. ஆனால் அன்று காலை வஹீதுன்னிசாவின் இரு கைகளிலும் விரல் நுனிவரை மருதாணி. கணவர் கலீல் ரகுமானைக் கூப்பிட்டார்.

"இன்னாங்க, பால்ல விரல வெச்சுப் பாருங்க. சுடுதா?"

"சூடா? ஜில்லுனு கீது. ஊத்து."

கலீல் ரகுமான் முப்பது வருடமாகப் பரோட்டா மாஸ்டர். காய்ந்த கல்லிலிருந்து பரோட்டாவை வெறுங்கையால் அள்ளித் தட்டுகிறவர். இருந்த உறையையெல்லாம் அந்த விரலை நம்பி ஊற்றினார்கள்.

மாலை நான்கு மணிக்குத் தட்டைத் திறந்தால், பால் பாலாகவே இருந்தது.

மகள் ஃபஸீலா அம்பத்தூரில் ஒரு பால் பண்ணையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாக்டீரியா செத்துப்போச்சும்மா. பால்ல கீற சர்க்கரைய ஒடைச்சுத்தான் அதுங்களுக்கு சக்தியே. காத்துகூட வாணாம். ஆனா கெடைக்கிற சக்தி கொஞ்சூண்டு, அதனால தின்னுகினே இருக்கணும். தின்னுட்டு வெளிய தள்ற அமிலம்தான் பாலத் தயிராக்குது. அத்தா அதுங்களுக்கு வெந்நீர் அபிஷேகம் பண்ணிட்டாரு."

"பாக்கெட் தயிர் வாங்கியாரட்டா?" என்றார் கலீல் மெதுவாக.

"வாங்கியாங்க," என்று முறைத்தார் வஹீதுன்னிசா. "அப்டியே நாளைக்கி கல்யாணத்துக்கு வராம அந்தக் கடையிலயே குந்திக்கங்க."

அடுத்த நொடி அவர் கிண்ணத்தோடு தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டுப் பார்வதம் தினமும் இவர்களிடம்தான் தயிர் வாங்குகிறவர்.

"உங்கூட்டுத் தயிரையே உங்களுக்கு உறைக்குக் குடுக்கறேன், பாரு பாய். வெளக்கு வெக்கறதுக்குள்ள எடுத்துகினு ஓடுங்க."

பாலை மறுபடி கொதிக்க வைத்து ஆற்றினார்கள். கலீல் பழைய காலண்டர் அட்டையால் விசிறினார். மருதாணி உதிர்ந்த சுண்டுவிரல் மூன்று முறை பாலுக்குள் போய் வந்தது. நான்காம் முறை வஹீதுன்னிசா தலையாட்டினார்.

விடிந்ததும் அண்டாவைச் சற்றே சாய்த்துப் பார்த்தார். தயிர் இம்மியும் அசையவில்லை. ஒரு கரண்டி எடுத்துக் கலீலின் வாயில் வைத்தார். கசப்பில்லாத இளம் புளிப்பு.

"போங்க, ஆட்டோவக் கூப்டுங்க. பள்ளத்துல எறக்காம ஓட்டச் சொல்லுங்க."