பாலிஷ் போட்ட துப்பாக்கி

மயிலாப்பூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போன வீட்டில்தான் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தேன். கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்கு மேலே, இரண்டு ஆணிகளில் படுத்திருந்தது. சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். இலையில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை என்று மேஸ்திரி பிறகு திட்டினார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராகப் போய், வங்காளத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கும் ஓர் ஊரில் இறங்கி, இரண்டு வருஷம் டீக்கடையில் இருந்தேன். எங்கள் அடுப்புக்கு வந்த விறகே கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிக் கட்டைகள்தான். ஒவ்வொன்றிலும் சின்ன முத்திரைகள்: செய்த வருஷம், சோதித்தவரின் குறி, நம்பர். எரிப்பதற்கு முன் படித்துப் பார்ப்பேன். படிக்க வேறெதுவும் இல்லை. அப்போது பிடித்த பைத்தியம். இப்போது மேற்கு மாம்பலத்தில் என் அறையில் ராணுவத் தண்ணீர்க் குப்பி, சாப்பாட்டுத் தட்டு, தோல் உறை என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. ஒருமுறை போலி முத்திரை குத்திய, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி ஒன்றை வாங்கி ஏமாந்து, அதை அடையாறு பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தேன். உண்மையான துப்பாக்கி ஒன்று மட்டும் என்னிடம் இல்லை.

வீட்டுக்காரர் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். துப்பாக்கி அவருடைய அப்பாவுடையது. அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றபோது, சுடும் ஊசியைப் பிடுங்கி, குழலை வெல்டு வைத்து அடைத்து, நினைவுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் நம்பரைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் உண்டு. மகனோடு அடையாறு ஃபிளாட்டுக்குக் குடிபோகப் போகிறார், அங்கே இதை மாட்ட மருமகள் விடமாட்டாள் என்பதால் எனக்கு விற்கச் சம்மதித்தார். ஆனால் கடிதத்தில் இருக்கும் துப்பாக்கி இதுதான், இது சுடாது என்று போலீஸ் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் நான் அதைத் தொட முடியும். அந்த ஒரு காகிதத்துக்காக ஏழு மாதம் அலைந்தேன். எத்தனை நாள் வேலை போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ஏட்டு ஒருவர் வந்து பார்ப்பார் என்றார்கள்.

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். பூஜை அறையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துத் துப்பாக்கி சாய்ந்திருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. கட்டையில் புது வார்னிஷ். முத்திரை ஒன்றுகூட இல்லை. நம்பர் இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது.

"வாங்கோ! எப்படி ஜொலிக்கறது பார்த்தேளா?" என்றார் அவர். "பூஜைக்கு விளக்கெல்லாம் பாலிஷுக்குப் போச்சு. அதோட இதையும் கொடுத்துட்டேன். காசு கொடுத்து வாங்கறேள், துருவோடயா கொடுக்கறது?"

"நம்பர் எங்க சார்?"

"அதான் லெட்டர்ல பத்திரமா இருக்கே."

"கணக்கு வாத்தியார் சார் நீங்க! நம்பர்னா இன்னான்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பாலிஷ் பட்டறைக்கு ஓடினேன். வாத்தியாரும் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

பட்டறைக்காரர் ஓர் அண்டாவைச் சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, காலைலயே சண்டைக்கு வர்ற? பூஜைக்குன்னு குடுத்தாரு. துரு ஏறிக்கினு இருந்துச்சி, எமரி சக்கரத்துல வச்சி தேய்ச்சி எடுத்தேன்."

"அதுல எழுத்து இருந்துச்சே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எமரியில எழுத்து நிக்குமா? பேரு வேணும்னா முன்னாடியே சொல்லணும். இப்ப இன்னா கெட்டுப் போச்சு? பாத்திரத்துக்குப் பேரு வெட்டுற ஆளு பக்கத்துக் கடையிலதான் கீறான். அதே நம்பர வெட்டித் தரச் சொல்றேன். பத்து நிமிசம்."

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. "பேஷா பண்ணலாமே! எங்காத்துல அத்தனை பாத்திரத்துக்கும் அவன்தான் பேர் வெட்டினான். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

எவர்சில்வர் தூக்குக்குப் பேர் வெட்டுகிறவன் ராணுவத் துப்பாக்கிக்கு நம்பர் வெட்டுவானாம். ஏட்டு வருவதற்கு இன்னும் அரை மணி இருந்தது. வெட்டியிருந்தால் அவர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். துப்பாக்கி என் அறைக்கு வந்திருக்கும். ஒரு நிமிஷம் அதை யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆற்றில் எறிந்த கத்திக்கும் இதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

"வேணாம். யாரும் அத இனிமே தொடாதீங்க" என்று கத்தினேன்.

"ரொம்பத்தான் பண்றான்பா" என்று பட்டறைக்காரர் அண்டாவிடம் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஏட்டு சரியாகப் பத்துக்கு வந்தார். துப்பாக்கியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா சாமி, கல்யாண சீர் மாதிரி கீது? நம்பர் எங்க?"

பாலிஷ் போட்ட கதையை வாத்தியார் சொன்னார். ஏட்டு முதலில் சிரித்தார், பிறகு நிறுத்தினார்.

"நம்பர் அழிஞ்ச துப்பாக்கி யார் கையில இருக்கோ, அவன்தான் அழிச்சான்னு சட்டம் எடுத்துக்கும் சாமி. இவருக்கு நான் எழுதித் தர முடியாது. உங்ககிட்டயும் விட்டுட்டுப் போக முடியாது. நீங்களா ஒப்படைக்கிறதா எழுதிக் குடுத்துடுங்க. அது ஒண்ணுதான் வழி."

வாத்தியார் அழகான கையெழுத்தில் எழுதினார். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். அதை என்ன செய்வார்கள் என்று வாத்தியார் கேட்டார்.

"உருக்கிடுவாங்க" என்றார் ஏட்டு.

சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா காகிதத்தைக் கிழித்தது. பதிவேட்டில் 'அடையாள நம்பர்' என்ற கட்டத்தில் எழுத்தர் ஒரு கோடு போட்டார்.

வெளியே வந்ததும் வாத்தியார் என் சட்டைக் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அந்த நம்பர்தான் முக்கியம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

அந்த ஏழு மாதத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கலாம். சொன்னால் மதிப்புத் தெரிந்து விலையை ஏற்றிவிடுவார் என்று வாயைத் திறக்கவில்லை. பழைய சாமான் வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். எதைப் பார்த்து ஆசைப்படுகிறோமோ அதை விட்டுவிட்டு வேறெதையாவது பார்ப்போம். "சும்மா பழைய இரும்பு சார், துரு வேற" என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்தத் துருவைத்தான் அவர் எனக்காக எடுத்திருக்கிறார்.

இதை அவரிடம் சொல்லவில்லை. கையை உதறிக்கொண்டு, "போங்க சார்" என்றேன். அவர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். நான் வெயிலில் சாந்தோம் பக்கமாக நடந்தேன். யார் மேல் இடித்தாலும் சண்டை போடத் தயாராக இருந்தேன். ஒருவரும் இடிக்கவில்லை.