அன்னம்மாளுக்கு அவர் ஊற்றிய தண்ணீர்

மிக்கேல் சார் இறந்த செய்தியைக் காரைக்குடிக் கோயில்பிள்ளை சவரிமுத்துதான் கொண்டுவந்தார். மாதா கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணி அடிக்கிறவர் அவர். கோர்ட்டு வேலையாகச் சிவகங்கைக்கு வந்த இடத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். எப்படி இறந்தார், எந்த நோயில் இறந்தார் என்று நான் கேட்கவில்லை. "கோயிலுக்குள்ள கொண்டுபோனாகளா?" என்றுதான் கேட்டேன்.

"கொண்டுபோனாக டீச்சரம்மா. பூசை வச்சுத்தான் எடுத்தாக," என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரோடு பழகியவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியும். மிக்கேல் சார் கிறிஸ்தவர்தானா என்று ஊரில் பலர் வாய் கூசாமல் கேட்டார்கள். என் மகள் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே கிடப்பதா வெளியே கிடப்பதா என்பதும் ஒருநாள் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

காரைக்குடியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வருவதற்கு முன் அவர் பர்மாவில் இருந்தவர். செட்டியார் கடை ஒன்றில் இங்கிலீஷ் கடிதம் எழுதப் போய், பிறகு எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சல் கண்டு படுத்தபோது பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. ஓர் அமெரிக்கன் மட்டும் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, கட்டிலோரம் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினானாம். பிரியும்போது அவன் கொடுத்ததுதான் அந்த மார்மன் வேதப் புத்தகம். அமெரிக்காவில் ஒரு தீர்க்கதரிசி தோன்றி, பூமிக்குள் புதைந்திருந்த பழைய வேதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. உயிர்த்தெழுந்த சேசுநாதர் அந்தத் தேசத்துக்கும் போனார் என்று அதில் இருக்கிறது.

எனக்கு அது ஒப்பவில்லை. இன்றும் ஒப்பவில்லை. அப்போஸ்தலர்களோடு முடிந்த வேதத்துக்கு இன்னொரு வேதம் எதற்கு, இன்னொரு தீர்க்கதரிசி எதற்கு என்று மதியச் சாப்பாட்டு வேளையில் அவரோடு மல்லுக்கு நிற்பேன்.

"அப்போஸ்தலர் தோமையார் மயிலாப்பூருக்கு வந்தாருன்னு நம்புறீகள்ல, அது நம்ம வேதத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்பார் அவர்.

"தோமையார் புது வேதம் ஒண்ணும் கொண்டு வரலையே சார்."

"அது நியாயந்தான்," என்று சாப்பாட்டுத் தூக்கை மூடுவார். தோற்றதில் அவருக்கு வருத்தமே இருக்காது. அந்தத் தீர்க்கதரிசியைத் தானும் ஏற்கவில்லை என்றும் சொல்வார். "ஆனா அந்த அமெரிக்கன் என் கட்டிலோரம் யாரைக் கூப்பிட்டான்? சேசுவேன்னுதான் கூப்பிட்டான். அவனைக் கிறிஸ்தவன் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது டீச்சரம்மா."

நாங்கள் குடியிருந்த வீட்டுக்கார ஆச்சி சார் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் இந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு, "ஒரு சாமி இளையாத்தங்குடியில இருந்தா இன்னொரு ஊருல இருக்கக் கூடாதா? ஊருக்கு ஒரு தலபுராணம் இருக்கத்தானே செய்யும்?" என்றார். "ஆச்சி, இதை எங்க கோயில் சாமியார்கிட்டச் சொல்லிறாதீக. நான் தொலைஞ்சேன்," என்று மிக்கேல் சார் சிரித்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதியை மட்டும் அவர் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பச்சைப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, பாவம் அறியாத அவர்கள் ஏற்கெனவே கடவுளுடையவர்கள் என்று அது சொல்கிறதாம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்போது என் வயிற்றில் அன்னம்மாள் இருந்தாள்.

மாதம் நிறையுமுன்னே அவள் ஒரு பகல்வேளையில் பிறந்தாள். என் கணவர் சிவகங்கைக் கோர்ட்டில் இருந்தார். பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி காளியம்மா அவளைத் துணியில் ஏந்திக்கொண்டு வெளியே ஓடினாள். என்னைப் பார்க்க வந்த மிக்கேல் சார் வாசலில் நின்றிருந்தார். சாமியார் தேவகோட்டைக்குப் போயிருந்தார். சாகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். "சார், தண்ணி ஊத்துங்க" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

"பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். சொன்னேன். "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும்" என்று அவர் குரல் நடுங்காமல் சொல்வதும், செம்பிலிருந்து தண்ணீர் விழுவதும் கேட்டன. சற்று நேரத்தில் காளியம்மா பிள்ளையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினாள். மூச்சு அடங்கியிருந்தது.

மறுநாள் காலையில் சாமியார் வந்தார். மார்மன் புத்தகம் படிக்கிறவர் கொடுத்தது ஞானஸ்நானம் ஆகுமா என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். ஆகாதென்றால் அன்னம்மாளுக்கு மந்திரித்த மண் கிடையாது. சுவருக்கு வெளியே, பெயர் இல்லாமல் புதைக்க வேண்டியதுதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சாமியார் என் கண்முன்னேதான் கேட்டார்.

"மிக்கேல், இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் வேணும்னு நீ நம்புனியா?"

நம்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கும் தொல்லை இல்லை, எனக்கும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு சாமியாரைப் பார்த்தார்.

"பொய் சொல்லமாட்டேன் சாமி. இந்தப் பிள்ளை அதுக்கு முன்னாடியே கடவுள்கிட்டத்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தோணுது. ஆனா ஊத்துறப்ப என் நினைப்புக்கு நான் ஊத்தலை. நம்ம கோயில் என்ன கருதி ஊத்துமோ, அதையே கருதித்தான் ஊத்துனேன். இந்தத் தாய் கேட்டது அதைத்தான்."

சாமியார் நல்ல மனிதர், ஆனால் சபையின் விதி தெரிந்தவர். "கொடுக்கிறவன் நம்பிக்கை கோணலா இருந்தாலும், சபை செய்யிறதைச் செய்யணும்னு கருதியிருந்தா அது செல்லும்," என்றார். பிறகு, "நாளையிலேருந்து நீ பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்ல வேணாம்," என்றும் சொன்னார்.

"சரி சாமி," என்றார் மிக்கேல் சார். அன்றைக்கு மாலையில் சிறு பெட்டியைத் தோளில் தூக்கிக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே கொண்டுபோனவரும் அவர்தான்.

பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் ஜெபமும் சொல்லிக் கொடுப்பதில்தான் அவருக்கு உயிர். அதை இழந்தபிறகும் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் நின்றார். என் முன்னால் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சிவகங்கைக்குக் குடிவரும்போது அவரிடம் கேட்டேன்: "நெஜமாவே அந்தத் தண்ணி வேண்டியிருந்துச்சா சார்?"

"உங்களுக்கு வேண்டியிருந்துச்சுல்ல டீச்சரம்மா," என்றார்.

சவரிமுத்து புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். பெரியவர்கள் வரிசை வேண்டாம், சுவரோரம் பிள்ளைகள் கிடக்கிற பக்கமே போதும் என்று சார் கேட்டிருந்தாராம். அப்படியே செய்தார்களாம்.

அவருடைய புத்தகத்தை நான் வேதமாக ஏற்கமாட்டேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் சண்டை பிடிப்பேன். ஆனால் அந்தச் செம்புத் தண்ணீர் அவள் தலையில் விழும்போது மூச்சு இருந்ததா, முன்பே போயிருந்ததா என்று காளியம்மாவிடம் கேட்க எனக்கு இதுவரை துணிவு வந்ததில்லை. அந்த நினைப்பு வந்து தூக்கம் போகிற நாளில் என் சபை சொல்வது எனக்குப் போதவில்லை. "அதுக்கு முன்னாடியே கடவுள்கிட்டத்தான் இருந்துச்சு" என்று அவர் சாமியார் முன்னால் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் காரைக்குடி போகிறேன். சுவரோரம் இரண்டு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும்.