ஆரி திரும்பிய பகலில் ஒரு கறுப்புச் சால்வை

கட்வைக் என்னும் டச்சு மீனவ ஊரின் கரையில் கறுப்புச் சால்வைக்கு ஒரே பொருள்தான். பாதிரியார் வீடு தேடி வந்து, தொப்பியைக் கழற்றிச் சாவுச் சேதி சொன்ன பிறகே பெண்கள் அதைத் தலையில் போடுவார்கள். நேல்ச்சேவுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும் போட்டுக்கொண்டாள்.

புயல் ஓய்ந்து நான்கு நாளாகியும் அவள் கணவன் ஆரியின் படகு திரும்பவில்லை. வீட்டில் உருளைக்கிழங்கும் தீர்ந்துபோயிற்று. ஊருக்கு வந்திருந்த ஓவியர், "மணல்மேட்டுல கடலைப் பார்த்து நில்லும்மா, ஒரு மூட்டை கிழங்கு தர்றேன்" என்றார். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து நின்றாள். அப்புறம்தான் அவர் பெட்டியிலிருந்து சால்வையை எடுத்தார்.

"ஐயா, இது ஆகாது."

"படத்துக்குத்தானேம்மா! அரை மணி நேரம். உதடுகூட அசையக்கூடாது."

கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆக்யே நிமிர்ந்து பார்த்தாள். அவள் மகனும் அதே படகில்தான் போயிருந்தான். மணலில் விழுந்தெழுந்து மேட்டுக்கு ஓடிவந்தாள்.

"அடியே, பாதிரியார் வந்தாரா? எப்ப வந்தாரு?"

நேல்ச்சே மூட்டையை நினைத்தாள். உதடு அசையவில்லை.

"சொல்லித் தொலையேண்டி! எம் புள்ளையுமா?"

பதிலில்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு ஆக்யே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நேல்ச்சே அவள் பக்கம் குனிந்தாள்.

"ஐயோ அக்கா, சேதி ஒண்ணும் வரலை! சும்மா படத்துக்கு!"

"படத்துக்கா? அந்த நாக்கை எங்கடி அடகு வெச்ச? புருஷனைப் பறிகொடுத்தவ வேஷம் போட ஒனக்கு இந்த நாள்தான் கெடச்சுதா?"

கரையில் யாரோ கத்தினார்கள்: "பாய் தெரியுது! ஆரி படகுதான்!"

இருவரும் சண்டையையும் மறந்து, படத்தையும் மறந்து ஓடினார்கள். தலையிலிருந்த சால்வையையும் மறந்துதான் ஓடினாள் நேல்ச்சே.

படகின் தட்டை அடி மணலில் உரசி நின்றது. ஆக்யேவின் மகன் முதலில் குதித்தான். அடுத்து ஆரி. இடுப்பளவுத் தண்ணீரில் சிரித்துக்கொண்டே வந்தவன், மனைவியின் தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவன்தான் உயிரோடிருக்கிறானே. அப்படியானால் இந்தக் கறுப்பு யாருக்கு?

"யாருடி? பாப்பாவா?"

நேல்ச்சே சால்வையைப் பிடுங்கி அலையில் எறிந்தாள். "தூங்குறாய்யா! சத்தியமா தூங்குறா!"

அவன் நம்பவில்லை. அவளைத் தள்ளிவிட்டு, ஈரக் காலணியோடு வீட்டை நோக்கி ஓடினான். நேல்ச்சே பின்னாலேயே ஓடினாள்.

மேட்டிலிருந்து ஓவியர் கூவினார்: "சால்வை போகுதும்மா!"

வீட்டுக்குள்ளிருந்து, திடுக்கிட்டு எழுந்த குழந்தையின் அழுகை கேட்டது. வாசற்படியிலேயே நேல்ச்சே உட்கார்ந்தாள்.