நின்றுபோன காரைத் தள்ளிய கைகள்

அந்த ஆடி மாதத்தில் எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, என் மனைவி லீதியாளின் வயிற்றில் இருந்த பிள்ளை. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் மண்ணுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். இன்னொன்று என் கார். சிரிக்க வேண்டாம். இரண்டு பயமும் ஒரே நாளில் ஒன்றாக வந்து நின்றபோது தேவன் எனக்கு என்ன செய்தார் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கே வாடகைக்கு ஓடிய ஒரே கார் என்னுடையது. யுத்தத்துக்கு முந்தைய வண்டி. அதன் கார்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான், தேய்ந்து ஒரு வழியாகியிருந்தது. உள்ளே திரும்பும் கம்பியின் துவாரம் அகன்று, அதன் வழியாகக் காற்று புகுந்தது. பெட்ரோலின் அளவைக் காக்கும் பித்தளை மிதவையில் பொத்தல். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடும். காலை எடுத்தால் இருமிவிட்டு நின்றுவிடும். நின்றால் எஞ்சினில் பெட்ரோல் நிறைந்து, முன்னால் கைப்பிடியை என்ன சுற்றினாலும் உயிர் வராது. பேறுகாலத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொன்று வாங்கிவர மைத்துனன் தாசையனை நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். அவன் போன மறுநாள் பஸ்கள் நின்றன.

மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடேறியிருந்த நேரம். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்தது. எத்தனை பேர், யார் யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தாசையனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கூட்டம் கூடக்கூடாது என்று தடை போட்டார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் லாரியில் ஏற்றினார்கள். சாயங்காலமானால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.

போராட்டக்காரப் பையன்கள் வந்து காரைக் கேட்டார்கள். கார்பரேட்டர் இல்லை என்றேன். "தரமாட்டேண்ணு நேராச் சொல்லலாமே அண்ணே, இதை எதுக்குக் களத்தி ஒளிச்சு வச்சிருக்கியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து போலீஸ் வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்த போலீஸ்காரர், "ஆளுகளெ கடத்தீட்டு இப்போ சாமானம் ஊரி மாற்றியதாணோ?" என்று, ஆட்களைக் கடத்திவிட்டுச் சாமானைக் கழற்றி மறைத்தவனைப் பார்ப்பதுபோல் முறைத்தார். உண்மையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் நம்பவில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே திருடன் மாதிரித்தான் இருந்தது.

ஒருநாள் முற்பகலில் லீதியாள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கால் வழியாக ரத்தம். பக்கத்து வீட்டு வயித்தாட்டி சாராள் அக்கா ஓடிவந்தார். எங்கள் ஊரின் முக்கால்வாசிப் பிள்ளைகளை அவர் கைதான் ஏந்தியிருக்கிறது.

"இது எனக்க கைக்கு நிக்காது மக்கா. உடனே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

"கட்டிலில தூக்கிட்டுப் போலாமா அக்கா?"

"கட்டிலு தூக்க எட்டுப் பேரு வேணும். எட்டுப் பேரு ரோட்டில எறங்கினா விடுவானுவளா? எவன் வருவான்?"

அவர் சொன்னது சரி. மழையில் மாட்டு வண்டி போய்ச் சேரும் வரை லீதியாள் தாங்கமாட்டாள். தூக்கி எறிய வைத்திருந்த பழைய கார்பரேட்டரை எடுத்தேன். மிதவையின் பொத்தலில் சலவைச் சோப்பை அழுத்தித் தேய்த்தேன். சோப்பைத் தடவிய நூலைத் தேய்ந்த கம்பியில் இறுகச் சுற்றினேன். போல்ட்டை முறுக்கினேன். உள்ளே அவள் முனகுவது கேட்டது. காரின் முன்னால் சேற்றில் முழங்கால் போட்டேன். நான் நீளமாக ஜெபிக்கிறவன் அல்ல. "ஆண்டவரே, ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் இந்த எஞ்சின் நிற்கக்கூடாது" என்று மட்டும் கேட்டேன்.

சுற்றியதும் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் சாராள் அக்கா லீதியாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ரோட்டில் ஒரு குஞ்சு குருவி இல்லை. கடைகள் அடைத்திருந்தன. பெட்ரோல் நாற்றம் உள்ளே அடித்தது. ஒரு நிமிடம்கூட மிதியை விடாமல் ஓட்டினேன். அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு. அதில் பாதி ஏறியபோது போலீஸ் நிற்பதைக் கண்டேன். கையைக் காட்டினார்கள்.

நிறுத்தினால் எஞ்சின் சாகும். நிறுத்தாவிட்டால் சுடுவார்கள். மிதியை அழுத்திப் போய்விடலாம் என்றே நினைத்தேன்.

"நிறுத்து மக்கா," என்றார் சாராள் அக்கா. "உள்ள ரெண்டு உயிராக்கும்."

நிறுத்தினேன். கால் மட்டும் மிதியில் இருந்தது, எஞ்சின் அலறியது. நான் தப்பி ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "எறங்கெடா!" என்றார். காலை எடுத்தேன். கார் இரண்டு முறை இருமியது. நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது விசுவாசம் அல்ல, கோபம். ஒன்றே ஒன்றுதானே கேட்டேன், அதையும் தராமல் போனீரே என்று நெஞ்சுக்குள் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் "பெண்ணுக்கு ரத்தம் போவுது சாரே" என்பது மட்டுமே. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நரைத்த மீசைக்கார ஏட்டு ஒருவர் பின்கதவைத் திறந்து பார்த்தார். சாராள் அக்காவின் சேலையெல்லாம் சிவந்திருந்தது. ஏட்டு உடனே தம் ஆட்களிடம் திரும்பினார்.

"நோக்கி நிக்குந்நதெந்தா? தோக்கு அவிடெ வெச்சிட்டு வா. தள்ளு."

துப்பாக்கிகளை ரோட்டோரச் சுவரில் சாய்த்துவிட்டு ஆறு போலீஸ்காரர்கள் வந்து தள்ளினார்கள். மேடு, மழைச் சேறு; கார் அசைந்து அசைந்து அங்கேயே நின்றது. ஏட்டு சுற்றிலும் பார்த்தார். வேலிகளுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாருங்கள் என்று கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை.

வேலிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கூட்டம் கூடப்பிடாதுண்ணு அடிச்சது நீங்கதானே சாரே?"

"தள்ளுந்நவன் கூட்டமல்லெடா," என்றார் ஏட்டு. "வாடா மக்களே."

முதலில் ஒருவன் வந்தான். அவன் நெற்றியில் லத்தி பட்ட காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வேலியைத் தாண்டினார்கள். நான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தேன். காக்கித் தோளும் வெறும் தோளும் இடித்துக்கொண்டு குனிந்திருந்தன. அந்தக் கட்டுப் போட்டவனும் ஏட்டும் அடுத்தடுத்து நின்றார்கள். கார் மேட்டைத் தாண்டியது. பாலத்துக்கு இறக்கம். கியரைப் போட்டு, மிதியை அடிவரைக்கும் அழுத்திக் கிளட்சை விட்டேன். எஞ்சின் கரும்புகையைக் கக்கிப் பிடித்துக்கொண்டது. பின்னால் எல்லாரும் சேர்ந்து போட்ட சத்தம் பாலம் தாண்டும் வரை கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் மறுபடி நின்றது. இனி நின்றால் எனக்கென்ன? உள்ளே கொண்டுபோனார்கள். சுவரில் தலையைச் சாய்த்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பிள்ளை அழுவது கேட்டது. எங்கள் பிள்ளை ஒன்று அழுது நான் கேட்டது அதுதான் முதல் முறை. லீதியாளும் பிழைத்தாள். பெண்ணுக்குக் கிருபை என்று பெயர் வைத்தோம்.

கலவரம் அடங்கிய பிறகு தாசையன் வந்து சேர்ந்தான். சொந்தக்காரர் வீட்டில் பதுங்கியிருந்திருக்கிறான். துணியில் சுற்றிய இரும்புச் சாமானை வெடிகுண்டு என்று நினைத்துச் சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வெளியே வரவில்லையாம். அந்த மாற்றுக் கார்பரேட்டரைப் பொருத்தினேன். இப்போது காலை எடுத்தாலும் எஞ்சின் தையல் மெஷின் போல ஓடுகிறது. பழையதை எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகையில் தேங்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் காணிக்கையாக வைத்தேன். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதை வைக்கும்போது என் கண் நிறைந்திருந்தது.

ஏட்டைத் தேடிப் போனேன், மாற்றலாகிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. இப்போது எல்லையையும் போட்டுவிட்டார்கள். நாங்கள் மலையாளத்துப் பக்கம், தாசையன் வீடு தமிழ்நாட்டுப் பக்கம். அதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் காக்கியைக் கண்டால் பல்லைக் கடிக்கிற வழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது. எஞ்சின் நிற்கக்கூடாது என்று கேட்டேன். தேவன் எஞ்சினை நிறுத்தி, நான் பயந்து நடுங்கிய கைகளையே எனக்கு அனுப்பினார்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் எனக்கு இருந்ததுபோல் பயம் ஏதாவது இருக்கும். தேவனிடம் தைரியமாகக் கேளுங்கள். யார் கையால் உதவி வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அமரவிளைப் பக்கம் எங்கேயாவது உங்கள் வண்டி நின்றுபோய், வழுக்கைத் தலையன் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து வந்தால் பயப்படாதீர்கள். நீங்கள் எந்த ஊர், என்ன பேச்சு என்று நான் கேட்கமாட்டேன். மிதியை அழுத்திக்கொள்ளுங்கள். நான் தள்ளுகிறேன்.