தஞ்சாவூருக்குக் கட்டிய பை

என் கணவர் குவைத்திலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். அதில் பாதி கழிந்தும் எங்கள் மகள் அவரிடம் போகவில்லை. அவளுக்குத் தலை நிற்காத காலத்தில் விமானம் ஏறியவர் அவர். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் மாமியார், நான், அவள் மூவரும்தான். ஆண் என்று வாசலில் வந்து நிற்பவர்கள் கேபிள்காரரும் சிலிண்டர் போடுகிறவரும். அவர்கள் அவளுக்கு மாமா. இவரையும் மாமா என்றாள். அவர் கையை நீட்டினால் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்பா யாரென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்பா போனில் இருப்பவர். சாயங்காலமானால் போனை எடுத்து வந்து என் மடியில் போடுவாள். "அப்பா, அப்பா" என்பாள். அவரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

முதல் இரண்டு நாள் எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அவர், நான், மகள் மூவர் மட்டும் எங்காவது போய் இரண்டு நாள் தங்கலாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் அவளுக்கு ஓடி ஒளிய மாமியார் மடி இருக்கிறது, பக்கத்து வீடு இருக்கிறது. வெளியூரில் எங்கள் இருவரையும் விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. அதை ஒரு சூழ்ச்சி போல நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் கூசவும் செய்தேன்.

அவருக்குத் தஞ்சாவூர் போக ஆசை. "ரூம்ல இருக்கற பீகார்க்காரன் பெரிய கோயில் போட்டோவக் காட்டி, இது உங்க ஊர்தானேன்னு கேட்டான். ஆமான்னேன். உள்ள எப்பிடி இருக்கும்னு கேட்டான். முழிச்சிக்கினு நின்னேன்" என்றார்.

எனக்கு வெள்ளிமலை. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணில் படுகிற கல்வராயன் மலையின் மேலே இருக்கும் சின்ன ஊர். கல்லூரியில் படித்தபோது ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். கூட்டம் இல்லை, வெயில் இல்லை, பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. ஆனால் வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தால்? இரவில் காய்ச்சல் கண்டால் எந்த டாக்டரிடம் ஓடுவது? தஞ்சாவூரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு நிமிடம் கையை விட்டால்? காலையில் மலை என்று சொல்லி, மதியம் தஞ்சாவூர் என்று சொல்லி, எனக்கே என் மேல் சலிப்பு வந்தது.

முடிவு மாமியாரிடமிருந்து வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே மகனிடம் சொன்னார்.

"ஒங்க சித்தப்பன் செத்து இன்னும் வருஷம் திரும்பல. பங்காளி சாவு. மல ஏறக் கூடாது."

"கோயில் மலைக்குத்தானம்மா அதெல்லாம்? நாங்க ரூம் போட்டுத் தங்கத்தான் போறோம்."

"மலன்னா மலதான்."

என் கணவர் விடவில்லை. "மல மேலயே குடியிருக்கறவங்க வூட்ல யாரும் சாவறதில்லையா? ஒரு வருஷத்துக்கு எல்லாரும் எறங்கி நம்ம கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுலயா வந்து குந்திக்கினு இருக்காங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாருக்கு வரவில்லை.

"அவங்களுக்கு அது ஊரு. நமக்கு அது மல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

படித்தவள் என்று பெயர், நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. நாளைக்குக் குழந்தைக்கு ஒன்று என்றால், அன்றைக்கே சொன்னேனே என்பார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் எனக்கே அது தோன்றும். தஞ்சாவூரில் அறை பிடித்தோம். கையில்லாத பருத்திக் கவுன்கள், குடை, குளுக்கோஸ், வெப்பமானி என்று ஒரு பெரிய பையை நிறைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மகள் போனைத் தூக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் எழுந்து மாமியாரின் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அங்கிருந்து வீடியோ கால் போட்டார். கூடத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா!" என்று கூவி, கால் கொலுசைக் காட்டினாள், பல்லைக் காட்டினாள், திரைக்கு முத்தம் கொடுத்தாள். பின்கட்டில் அவர் சிரிக்கும் சத்தம் போனில் ஒரு தரமும் சுவர் வழியாக ஒரு தரமும் கேட்டது.

மாமியார் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனவர், குடத்தோடு அப்படியே நின்றார். பத்தடி தூரத்தில் இருக்கும் மகளோடு தன் மகன் போனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளே வந்து குடத்தை இறக்கினார். அது வெறும் குடம்.

"ஏம்மா, அந்த வெள்ளிமலைல டவர் கெடைக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

"நம்ம சிம்முக்குக் கெடைக்காதுன்னு சொல்றாங்க அத்த."

"அப்ப மலைக்கே போங்க."

"வருஷம் திரும்பலன்னீங்களே அத்த?"

"செத்தவரு இன்னா பண்ணப் போறாரு, என் கொழுந்தன்தான? நான் சொல்லிக்கறேன் அவர்ட்ட." குடத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அங்க கோயில் குளம்னு எதுலயும் நொழையாதீங்க. அது மட்டும்" என்றார்.

இவ்வளவு சுலபமாக அவர் மாறுவார் என்று நான் நினைக்கவில்லை. அதனால் எனக்குப் பயம் கூடித்தான் போனது. தடை அவருடையதாக இருந்தவரை பொறுப்பும் அவருடையதாக இருந்தது.

இரவோடு இரவாகத் தஞ்சாவூர் அறையை விட்டுவிட்டு வெள்ளிமலையில் ஒன்று பிடித்தோம். காலையில் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ். கோமுகி அணை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் மகள் வாந்தி எடுத்தாள். பாதி நான் பிடித்த பைக்குள், மீதி அவர் கால்சட்டை மேல். அவர் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்று அவளிடம் சொன்னார். அவள் கேட்காத மன்னிப்பை அவர் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வந்து சேர்ந்ததும் போனைக் கேட்டாள். கொடுத்தேன். "அப்பா வரல" என்றாள். மறுபடி கொடுத்தாள். நான் மாடிக்குப் போய்த் தூக்கிப் பிடித்தேன், உண்மையிலேயே சிக்னல் தேடினேன். எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அந்த நேரத்தில் மறந்தே போனேன். அவள் அழுகை அப்படி இருந்தது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூருக்கே போயிருக்கலாம், கோயிலையாவது பார்த்திருப்பார்.

சாயங்காலம் கடை வீதிப் பக்கம் நடந்தோம். திடீரென்று மூட்டம் இறங்கியது. கூடவே தூறல், வாடைக் காற்று. ஒரு பெட்டிக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். மகளின் கை ரோமம் குத்திட்டு நின்றது, உதடு நடுங்கியது. அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் பையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி வந்திருக்கிறேன். உள்ளே இருப்பது எல்லாம் தஞ்சாவூர் வெயிலுக்கு எடுத்து வைத்தவை. ஸ்வெட்டர் இல்லை, குல்லா இல்லை. என் புடவையோ நனைந்திருந்தது.

"கொழந்தைக்கி காத மூடும்மா மொதல்ல" என்று கடைக்கார அம்மா அதட்டினார்.

என் கணவர் ஒன்றும் கேட்காமல் தன் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, அவளை என்னிடமிருந்து வாங்கி மார்போடு வைத்துச் சட்டையை மேலே மூடினார். தோள் துண்டால் தலையைச் சுற்றினார். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு வீறிட்டாள். நான் கையை நீட்டினேன். "இரு" என்றார். அழுகை விக்கலானது. விக்கல் நின்றது. பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவர் தாடையைத் தொட்டுச் சட்டென்று பின்வாங்கியது.

"குத்துது" என்றாள்.

"குத்துதா?"

மறுபடி தொட்டாள். "குத்துது!" இந்த முறை சிரித்தாள். அந்தத் தாடை ஏன் குத்துகிறது என்பதை ஆராய்வதுபோலத் தூறல் நிற்கும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு இரண்டு டீ குடிக்க நேரம் கிடைத்தது. சளி பிடித்துவிடுமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. ஊர் திரும்பிய பின்னும் செய்யவில்லை. "இன்னாடா இது, பிச்சக்காரனாட்டம்" என்று மாமியார் திட்டினார். கோயில் பக்கம் போகவில்லையே என்று என்னிடம் ஒரு தரம் கேட்டுக்கொண்டார். இல்லை என்றேன். போகவில்லைதான்.

விடுப்பு முடிந்து அவர் சென்னை பஸ் ஏறிய அன்று, மகளை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பினேன். வந்த புதிதில் என்றால் அவள் டாட்டா காட்டிவிட்டு பலூன் கேட்டிருப்பாள். இப்போது பெட்டியைப் பார்த்ததுமே அவர் கழுத்தை விடவில்லை. நான்தான் பிரித்து எடுத்தேன். பஸ்ஸின் கதவைப் பார்த்துக் கை நீட்டி, உடம்பெல்லாம் உதற அழுதாள். தேவையில்லாத வேலை செய்துவிட்டேனோ என்று அப்போதும் நினைத்தேன். இதற்காகவென்றே வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டைப் பைக்குள் தேடினேன்.

அவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"வுடு" என்றார். "கொஞ்ச நேரம் அழுவட்டும்."

பிஸ்கட்டை எடுக்கவில்லை. பஸ் திரும்பி மறையும்வரை அவளை அவர் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.