கூன்வண்டு செய்யாத குற்றம்

முலாஞ்சே மலையடிவார நாற்றங்காலில் பதினேழு வருடம் வேலை பார்த்த எனெலெசிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை நம்பித்தான் திட்ட அதிகாரி மட்டெவேரே அந்தத் தாளை நீட்டினார்.

மலைமேல் மிஞ்சிய, சீடர் எனும் ஊசியிலை மரங்கள் நாற்பதையும் இலை தின்னும் கூன்வண்டு பிடித்துவிட்டதாம். பரவாமலிருக்க வெட்டி இறக்க வேண்டுமாம். பராமரித்தவளின் கைநாட்டு தேவை. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக முளைக்காத மரம் அது. பழியைப் பூச்சி மேல் போடுவது சுலபம். பூச்சி வக்கீல் வைக்காது.

சாட்சிக்கு ஒரு டப்பி நிறைய வண்டு கொண்டுவந்திருந்தார்.

"இது நாங்க விறகுக்கு வளர்க்கிற தைலமரத்துப் பூச்சி ஐயா."

"எந்த மரமா இருந்தா என்னம்மா, இலைதானே?"

"மாடு திங்குதேன்னு நீங்க புல்லத் தின்பீங்களா?" என்று கேட்டவள், டப்பியை வாங்கி இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். "படிச்சுக் காட்டியாச்சுல்ல, யோசிச்சுச் சொல்றேன்."

மூன்றாம் நாள் ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம். ஆண்களுக்கு நாற்காலி, பெண்கள் மண்டியிட்டுக் கைதட்டிய பிறகுதான் தலைவரிடம் பேச வேண்டும். எனெலெசி மண்டியிட்டாள், தட்டினாள், அந்த டப்பி வண்டுகளைப் பிரித்து அடைத்த இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைத் தரையில் வைத்தாள். பார்க்க வேண்டுமென்றால் நாற்காலிக்காரர்களும் இறங்கிக் குனியத்தான் வேண்டும். குனிந்தார்கள்.

ஒன்றில் தைல இலை ஓரமெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. மற்றதில் சீடர் கிளை பச்சையாக, ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது; வண்டுகள்தான் செத்துக் கிடந்தன.

"பட்டினியில செத்துச்சே தவிர இதுல வாய் வைக்கல தலைவரே. கூன்வண்டு தின்னாலும் இலையத்தான் தின்னும், மரம் திரும்பத் துளிர்க்கும். அடியோட அறுத்துப் படகுப் பலகையா விக்கிற வண்ட நான் இன்னும் பார்க்கல."

தலைவர் நிமிர்ந்தார். "என்ன ஐயா, உங்க வண்டுக்கு ரம்பம் முளைச்சிருக்கா?"

முற்றமே சிரித்தது. "பாட்டில்ல அடைச்சா எந்தப் பூச்சிதான் திங்கும்? எழுத்து தெரியாதவ பேச்சு இது," என்றார் மட்டெவேரே.

"பக்கத்துப் பாட்டில்ல தின்னிருக்கே ஐயா," என்றாள் எனெலெசி.

மறுநாள் காலையிலேயே மட்டெவேரே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோளமாவு வாங்கித் தந்த வேலை அது. நியாயத்துக்கு இந்த நாட்டில் கிடைக்கும் கூலி இவ்வளவுதான். பிறகு தாளை எடுத்துக்கொண்டு நாற்றங்காலின் மற்ற பதினோரு பெண்களிடமும் போனார், மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு.

முதல் பெண் மண்வெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனெலெசி அக்காவ வேலைக்குக் கூப்பிடுங்க, அப்புறம் பேசலாம்," என்றாள். பதினோராவது பெண்ணும் அதையேதான் சொன்னாள்.