யெஸ் அழுத்திய விரல்

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் டப்பாக்காரர் என்று பெயர். உயிர் போன கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, வெளியே வயர் விட்டுக் கொடுப்பார். பென் டிரைவ் மாதிரி எங்கு வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. ஸ்க்ரூ திருகித் திருகி மணிக்கட்டு வீங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கவே முகம் சுளிக்கிறார். ஓய்வெடுங்கள் என்றால் காதில் போட்டுக்கொண்டால்தானே?

பழைய டிஸ்க்குகள் பலவற்றை மாட்டியதும் திரையில் ஒரு கேள்வி வரும்: ஃபார்மட் செய்யவா? அதாவது, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கவா என்று. மொத்தமாக வாங்கிப்போடும் டிஸ்க்குகளில் யார் வீட்டுக் குப்பையோ இருக்கும், அழித்துவிட்டுத்தான் விற்பார். அதனால் கேள்வியைப் படிக்காமலே அவர் விரல் யெஸ் அழுத்திவிடும்.

போன மாதம் அவருடைய அக்கா, என் அண்ணி, அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். அண்ணியின் கணவர், எனக்கு அண்ணன் முறை, இறந்து ஏழு மாதம். அண்ணன் எடுத்த வீடியோ அத்தனையும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் ஒரு காப்பி கிடையாது.

"பத்திரம்டா தம்பி. அவர் குரல் இதுல மட்டுந்தான் இருக்கு."

"எங்கிட்ட குடுத்துட்டல்லக்கா, நிம்மதியா போ."

அண்ணி தெருமுனையைத் தாண்டுவதற்குள் இவர் யெஸ் அழுத்திவிட்டார்.

நான் டீ கொண்டுபோனபோது தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்காவோடத அழிச்சிட்டேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"திரும்ப எடுக்க முடியாதாங்க?"

"மேலோட்டமாத்தான் அழிஞ்சிருக்கும். தோண்டிப் பாக்கணும்."

ஐந்து நாள் தோண்டினார். மற்ற வேலைகள் மேசையில் மலையாகக் குவிந்தன. நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல் வந்தது, ஆனால் எதற்கும் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் எண்கள். பாதிக்குமேல் திறக்கவே இல்லை. ஆறாம் நாள் அண்ணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அண்ணி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணொண்ணா தொறடா," என்றார். நாங்கள் மூவரும் அலுத்துப்போய், கண் எரிய எரியப் பார்த்தோம்.

அப்படிப் பார்க்க ஆரம்பித்த நான்காவது நாள் ஒரு வீடியோ ஓடியது. இதே கடை, இதே மேசை. படம் பிடிப்பது அண்ணன்தான். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"மச்சான், வீட்டு கம்ப்யூட்டர் டொக்கு டொக்குன்னு சத்தம் போடுதுய்யா. அதுல இருக்கறதையெல்லாம் ஒரு காப்பி எடுத்துக் குடேன்."

படத்துக்குள்ளிருந்த என் வீட்டுக்காரர் நிமிரக்கூட இல்லை. "பாத்துக்கலாம் மாமா. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

அண்ணன் சிரித்தார். அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடுடா," என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரர் விரல் அசையவில்லை. நான்தான் அழுத்தினேன்.